அனனியா எங்கே போனார்?

தமஸ்குவுக்குப் போகும் வழியில், பின்னாளில் பவுல் என்று அறியப்பட்ட சவுல் என்ற யூதருக்கு நேர்ந்ததைப் புதிய ஏற்பாடு நான்கு முறை சொல்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் நூலில் மூன்று முறை வருகிறது. 9ஆம் அதிகாரத்தில் லூக்கா அதைக் கதையாகவே சொல்கிறார். 22இலும் 26இலும் பவுலின் பேச்சாக வைக்கிறார். நான்காவது, கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுலே சொல்வது. மனிதர் ஒருவர்தான். நான்கும்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

ஒத்துப்போகாத இடங்களில் பேர்போனது, உடன் சென்றவர்களைப் பற்றியது. 9ஆம் அதிகாரத்தில் அவர்கள் குரலைக் கேட்கிறார்கள், யாரையும் காணவில்லை. 22இல் ஒளியைக் காண்கிறார்கள், பேசியவரின் குரலைக் கேட்கவில்லை. முதல் கதையில் வாயடைத்து நிற்கிறார்கள். மூன்றாவதில் சவுலோடு சேர்ந்து எல்லோரும் தரையில் விழுகிறார்கள். கலாத்தியர் கடிதத்துக்கு வந்தால் உடன் சென்றவர்களே இல்லை. ஒளி இல்லை, விழுதல் இல்லை, பார்வை பறிபோனது இல்லை.

குரல் சிக்கலை அவிழ்க்க உரையாசிரியர்கள் நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் காதில் விழுந்தது சவுல் பதில் பேசிய குரல், விழாதது வானத்துக் குரல் என்று பிரித்துக் காட்டினார் யோவான் கிறிசோஸ்தோம். பின்னால் வந்தவர்கள் கிரேக்க இலக்கணத்தின் துணையை நாடினார்கள். கேட்டல் என்னும் வினை ஒரு வேற்றுமையை ஏற்றால் ஓசை மட்டும் காதில் விழுந்தது என்று பொருள், இன்னொன்றை ஏற்றால் சொன்னது விளங்கியது என்று பொருள் என்றார்கள். நேர்த்தியான தீர்வுதான். ஆனால் சவுல் குரலைக் கேட்டதைச் சொல்லும் இடங்களிலேயே லூக்கா இரண்டு வேற்றுமைகளையும் மாற்றி மாற்றிப் போடுகிறார். சவுலுக்குச் சொன்னது விளங்கவில்லை என்று யாரும் வாதிட மாட்டார்கள்.

எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் இதே முரண்களைக் காட்டி மொத்தமும் கட்டுக்கதை என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். இரு தரப்பும் மனதில் வைத்திருப்பது காவல் நிலையத்து இலக்கணம்: சாட்சி உண்மை என்றால் வாக்குமூலம் மாறக் கூடாது. ஒரு தரப்பு வாக்குமூலம் மாறவில்லை என்று நிறுவப் பார்க்கிறது; மறு தரப்பு மாறிவிட்டது என்று வழக்கைத் தள்ளுபடி செய்கிறது.

இருவரும் போதுமான அளவு கவனிக்காத ஒன்று உண்டு. மாறுபடும் மூன்று கதைகளும் ஒரே ஆசிரியர் ஒரே நூலுக்குள் எழுதியவை. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வாய்வழக்காகக் கிடைத்ததைப் பிற்காலத்தில் யாரோ கவனக்குறைவாக ஒட்டவைத்துவிட்டார்கள் என்ற விளக்கம் இங்கே அவ்வளவாகச் செல்லாது. 22ஆம் அதிகாரத்தை எழுதும்போது 9இல் என்ன எழுதினோம் என்பது லூக்காவுக்குத் தெரியும். மாற்றுவது அவருக்குப் புதிதும் அல்ல. அவருடைய நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை வாசித்தால் இயேசு உயிர்த்தெழுந்த அதே நாளில் விண்ணேறியதுபோல் இருக்கும். அடுத்த நூலான அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் அதற்கு 40 நாள் இடைவெளி விடுகிறார். இரண்டையும் தெயோப்பிலு என்ற ஒரே மனிதருக்குத்தான் எழுதி அனுப்புகிறார். திரும்பச் சொல்லும்போது கதை இடத்துக்கு ஏற்ப உருமாறும் என்பது அந்தக் காலத்து வரலாற்று எழுத்தாளர்களுக்குத் தெரிந்த நடைமுறை. பேச்சுகளை எழுதும்போது அந்தச் சூழலுக்கு எது பொருந்துமோ அதைப் பேசவைத்ததாக லூக்காவுக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே துசிடிடீஸ் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் கேட்கவேண்டியது, யாருக்காக எதை மாற்றினார் என்பது. குரல் விவகாரத்தை அங்கேயே விட்டுவிட்டு, அனனியா என்ற தமஸ்கு மனிதரை மட்டும் நான்கு கதைகளிலும் பின்தொடர்ந்தால் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கிறது.

9ஆம் அதிகாரத்தில் பாதிக் கதை அனனியாவுடையது. சாலையில் சவுலுக்குச் சொல்லப்பட்டது மிகக் கொஞ்சம். என்னை ஏன் துன்புறுத்துகிறாய் என்ற கேள்வி, பேசுபவர் இயேசு என்ற பதில், நகருக்குள் போனால் செய்யவேண்டியது தெரிவிக்கப்படும் என்ற உத்தரவு. யார் தெரிவிப்பார் என்பதுகூடக் கிடையாது. பார்வையிழந்தவரை உடன் வந்தவர்கள் கையைப் பிடித்து நடத்திச் செல்கிறார்கள். மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லை. இந்த இடத்தில் லூக்கா சவுலை விட்டுவிட்டு நகரின் இன்னொரு வீட்டுக்குள் நுழைகிறார். அங்கே அனனியாவுக்கும் ஒரு காட்சி கிடைக்கிறது. நேர்த்தெருவில் யூதா என்பவர் வீட்டில் தர்சு ஊர்க்காரர் சவுல் இருக்கிறார், போய்ப் பார் என்று ஆண்டவர் முகவரியோடு சொல்கிறார். அனனியா கிளம்பவில்லை. வாதாடுகிறார். அந்த ஆள் எருசலேமில் செய்தது எனக்குத் தெரியும், இங்கேயும் பிடித்துக் கட்டுவதற்குத் தலைமைக் குருக்களிடம் அதிகாரம் வாங்கி வந்திருக்கிறார் என்று ஆண்டவருக்கே தகவல் கொடுக்கிறார். பிறகுதான், புறஇனத்தார் முன்பும் அரசர்கள் முன்பும் இஸ்ரயேலர் முன்பும் தம் பெயரைச் சுமந்து செல்லத் தேர்ந்துகொண்ட கருவி சவுல் என்ற செய்தி வருகிறது. அந்தச் செய்தி வருவது அனனியாவுக்கு. பவுலின் வாழ்நாள் பணி என்ன என்பது இந்தக் கதையில் பவுலுக்கு முன்பே அனனியாவுக்குத் தெரிந்துவிடுகிறது.

அனனியா போகிறார். தன்னைப் பிடிக்க வந்தவர்மேல் கை வைக்கிறார். சகோதரரே என்று கூப்பிடுகிறார். செதில் போன்றவை கண்களிலிருந்து விழுகின்றன, ஞானஸ்நானம் நடக்கிறது, சவுல் சாப்பிடுகிறார். இந்த அதிகாரத்தில் ஒளி தொடங்கிவைத்த வேலையை முடித்துவைப்பது ஒரு மனிதக் கை.

22ஆம் அதிகாரத்தில் இடம் வேறு. எருசலேம் ஆலய வளாகத்தில் பவுலைக் கூட்டம் அடித்துக்கொண்டிருக்கிறது. யூத மக்களுக்கும் சட்டத்துக்கும் ஆலயத்துக்கும் எதிராகப் போதிக்கிறார், கிரேக்கரை உள்ளே கூட்டிவந்து இடத்தைத் தீட்டாக்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. ரோமப் படைத்தலைவர் மீட்டுக்கொண்டுபோகும்போது பவுல் படிக்கட்டில் நின்று பேச அனுமதி கேட்கிறார். எபிரேய மொழியில் பேசத் தொடங்கியதும் கூட்டம் அடங்குகிறது. கமாலியேலின் காலடியில் படித்தவன் நான் என்று ஆரம்பிக்கிறார். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அனனியா வேறு ஆளாக வருகிறார். அவர் இயேசுவின் சீடர் என்பதே சொல்லப்படவில்லை. சட்டப்படி வாழும் பக்தர், தமஸ்கு யூதர் எல்லோரிடமும் நல்ல பெயர் எடுத்தவர் என்றுதான் அறிமுகம். அவருடைய காட்சியும் இல்லை, அச்சமும் இல்லை, ஆண்டவரோடு நடந்த வாக்குவாதமும் இல்லை. பேசும்போது முன்னோரின் கடவுள் என்றுதான் தொடங்குகிறார். முதல் கதையில் தயங்கித் தயங்கி வந்த மனிதர் இங்கே பவுலுக்கு நற்சான்று வழங்கும் ஊர்ப்பெரியவர். புறஇனத்தாரிடம் போகச் சொல்லும் கட்டளையும் இடம் மாறுகிறது. அதை இப்போது பவுல் எருசலேம் ஆலயத்திலேயே, வேண்டிக்கொண்டிருக்கும்போது, காட்சியில் பெறுகிறார். ஆலயத்தைத் தீட்டாக்கியவர் என்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு இதைவிடப் பொருத்தமான மறுமொழி கிடையாது. புறஇனத்தார் என்று வாயெடுத்ததும் கூட்டம் மறுபடி கத்தத் தொடங்குகிறது.

26ஆம் அதிகாரத்தில் செசரியா. ஆளுநர் பெஸ்து, மன்னர் இரண்டாம் அகிரிப்பா, அவர் சகோதரி பெர்னிக்கே, பட்டாளத் தலைவர்கள், ஊர்ப் பிரமுகர்கள் எல்லோரும் கூடியிருக்கும் மண்டபம். கைதியைப் பேரரசரிடம் அனுப்பவேண்டும். என்ன குற்றம் என்று எழுதுவது தெரியாமல் பெஸ்து விழிக்கிறார். இந்தப் பேச்சில் அனனியாவின் பெயரே இல்லை. பார்வை போனதும் இல்லை, கையைப் பிடித்து நடத்தியவர்களும் இல்லை. ஒளி சூரியனையும் மிஞ்சுகிறது. தார்க்குச்சியை எதிர்த்து உதைப்பது மாட்டுக்குத்தான் வலி என்ற பொருளில் ஒரு பழமொழியும் சேர்கிறது. எஸ்கிலஸும் யூரிப்பிடீஸும் தம் நாடகங்களில் கையாண்ட கிரேக்கப் பழமொழி அது. எபிரேய மொழியில் பேசியதாகச் சொல்லப்படும் வானத்துக் குரல், ரோமில் வளர்ந்த அகிரிப்பாவின் காதுக்குப் பழக்கமான சொலவடையோடு பேசுகிறது. அதைவிடப் பெரிய மாற்றம், பணிக்கட்டளை முழுவதும் சாலையிலேயே இயேசுவின் வாயிலிருந்து வந்துவிடுவது. எசேக்கியேலுக்குச் சொல்லப்பட்டதுபோல் எழுந்து நில் என்கிறது குரல். ஏசாயா நூலின் ஊழியனுக்குச் சொல்லப்பட்டதுபோல், இருளில் இருப்பவர்களின் கண்களைத் திறக்க அனுப்புகிறது. முதல் கதையில் மூடித் திறந்தவை சவுலின் கண்கள். இங்கே திறக்கப்படவேண்டியவை மற்றவர்களுடையவை. குணமாக்கப்பட்ட நோயாளியாக இருந்தவர் அரசவையில் இறைவாக்கினராக நிற்கிறார். இறைவாக்கினருக்கும் அவரை அனுப்பியவருக்கும் நடுவில் ஓர் அனனியா நின்றால் காட்சி கெட்டுவிடும்.

ஆக, லூக்காவின் மூன்று கதைகளிலும் அனனியா படிப்படியாகக் கரைகிறார். முதலில் பாதிக் கதை, பிறகு ஒரு நற்சான்று, பிறகு ஒன்றுமில்லை. நான்காவது கதையில் பவுல் அந்த இன்மையைக் கொள்கையாகவே அறிவிக்கிறார்.

கலாத்தியர் கடிதம் கோபத்தில் எழுதப்பட்டது. பவுலின் கடிதங்களில் தொடக்கத்தில் வழக்கமாக வரும் நன்றியுரை இதில் கிடையாது. அவர் நிறுவிய சபைகளுக்கு வேறு போதகர்கள் வந்து, புறஇனத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ளவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பவுல் எழுதும் மறுமொழியைப் பார்த்தால், இந்த ஆள் இரண்டாம் கை, எருசலேமில் இருப்பவர்களிடம் கற்றதைத் திரித்துச் சொல்கிறார் என்ற பேச்சும் அங்கே கிளம்பியிருக்கவேண்டும். எனவே தொடக்கத்திலேயே அடித்துச் சொல்கிறார்: என் நற்செய்தி மனிதரிடமிருந்து வந்ததில்லை, எந்த மனிதரும் எனக்குக் கற்பிக்கவில்லை. தாயின் கருவிலேயே தம்மைப் பிரித்தெடுத்த கடவுள் தம் மகனைத் தமக்குள் வெளிப்படுத்தினார் என்று, எரேமியாவும் ஏசாயாவும் தங்கள் அழைப்பைச் சொன்ன மொழியில் சொல்கிறார். அதன்பின் எந்த மனிதரோடும் கலந்து பேசவில்லை, எருசலேமுக்குப் போகவில்லை, அரேபியாவுக்குப் போய்த் தமஸ்குவுக்குத் திரும்பினார். மூன்று ஆண்டு கழித்துத்தான் எருசலேம். அங்கே கேபா எனப்பட்ட பேதுருவோடு 15 நாள். ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைத் தவிர வேறு அப்போஸ்தலர் யாரையும் பார்க்கவில்லை. இதை எழுதும்போது, கடவுள் அறிய இது பொய்யல்ல என்று ஆணையும் இடுகிறார்.

லூக்காவிடம் இதே எருசலேம் பயணம் வேறு மாதிரி இருக்கிறது. சீடர்கள் எல்லோரும் சவுலைக் கண்டு அஞ்சுகிறார்கள். பர்னபா அவரைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் அப்போஸ்தலர்களிடம் நிறுத்தி, அவருக்காகப் பரிந்து பேசுகிறார். கலாத்தியர் கடிதத்தில் இந்தப் பயணத்தில் பர்னபா இல்லை.

தமஸ்குவிலிருந்து தப்பிய கதையும் அப்படித்தான். 9ஆம் அதிகாரத்தில் சவுலைக் கொல்ல யூதர்கள் சதி செய்கிறார்கள். சீடர்கள் இரவோடு இரவாக அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்குகிறார்கள். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் பவுல் இதைச் சொல்லும்போது, துரத்துபவர் அரேத்தா மன்னரின் அதிகாரி. நபத்தேய மன்னர் நான்காம் அரேத்தா கி.பி. 40 வரை ஆண்டவர் என்பதால் பவுலின் காலத்தைக் கணக்கிட ஆய்வாளர்கள் பிடித்துக்கொள்ளும் மிகச் சில ஆதாரங்களில் இதுவும் ஒன்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பவுலின் வாக்கியத்தில் கூடை இருக்கிறது, சாளரம் இருக்கிறது, மதில் இருக்கிறது, கயிற்றைப் பிடித்தவர்கள் மட்டும் இல்லை என்பது. நான் இறக்கப்பட்டேன் என்று முடித்துக்கொள்கிறார்.

கையைப் பிடித்து நடத்தியவர்கள், தலையில் கை வைத்தவர், கயிற்றைப் பிடித்தவர்கள், எருசலேமில் பிடித்து அழைத்துச் சென்றவர். லூக்காவின் முதல் கதையும் அதன் தொடர்ச்சியும் கைகளால் நிறைந்தவை. பவுலின் கதையில் அந்தக் கைகளைத் தேடினால் கிடைப்பதில்லை.

இதில் யார் சரி என்று கேட்டால், ஆய்வுலகின் பொதுவான விடை தயாராக இருக்கிறது. கலாத்தியர் கடிதம் சுமார் கி.பி. 50களில் எழுதப்பட்டது, அப்போஸ்தலர் நடபடிகளைப் பலர் 80களிலோ 90களிலோ வைக்கிறார்கள், இன்னும் பிந்தியது என்பவர்களும் உண்டு. சம்பந்தப்பட்டவரே முன்கூட்டி எழுதியது அதிக நம்பிக்கைக்கு உரியது. ஒரு தலைமுறைக்குப் பின் இன்னொருவர் எழுதியது அதற்கு அடுத்த நிலை. காலவரிசையும் பயணங்களும் என்றால் இந்த விதியை மறுப்பதற்கில்லை. எருசலேமுக்கு எப்போது போனார், யாரைப் பார்த்தார் என்பதில் நான் பவுலின் ஆணையை நம்புவேன். ஆனால் யாரிடம் என்ன பெற்றார் என்ற கேள்வியில் சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலம்தான் ஆகப் பெரிய தேவையோடு சொல்லப்படுகிறது. தமக்கு எந்த மனிதரும் ஆசிரியர் இல்லை என்று நிறுவுவதில்தான் கலாத்தியச் சபைகளின் எதிர்காலம் அடங்கியிருந்தது. அந்த நேரத்தில் அனனியாவை நினைவுகூர்வது எதிராளி கையில் ஆயுதம் கொடுப்பது.

பவுலை நான் பொய்யர் என்று சொல்லவில்லை. அவருடைய கடிதங்களே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் அளவுக்கு அவர் வெளிப்படையானவர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில், இயேசுவின் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் பற்றிய சுருக்கமான அறிக்கையைத் தாம் பெற்றுக்கொண்டதாகவும், பெற்றதையே ஒப்படைத்ததாகவும் எழுதுகிறார். யூத ஆசிரியர்களிடம் மரபு கைமாறுவதைச் சொல்லும் மொழி அது. அந்தப் பட்டியலின் கடைசியில்தான், காலம் தப்பிப் பிறந்தவன் போன்ற தமக்கும் இயேசு தோன்றினார் என்று தம்மைச் சேர்க்கிறார். ஆக, தோற்றம் நேரடியாகக் கிடைத்தது. அதைச் சொல்வதற்கான சொற்களை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

ஞானஸ்நானம் பற்றி அவர் எழுதுவது இன்னும் பளிச்சென்று இருக்கிறது. ரோமர் 6ஆம் அதிகாரத்தில், கிறிஸ்துவோடு இணையும்படி ஞானஸ்நானம் பெற்ற நாம் என்று எழுதுகிறார். அந்த நாம் என்பதில் அவரும் உண்டு. யாரும் தமக்குத் தாமே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்வதில்லை. பவுலைத் தண்ணீரில் இறக்கிய ஒருவர் இருந்திருக்கிறார். அவர் பெயரைப் பவுல் எங்குமே சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு விடையைக் கொரிந்து சபையின் சண்டைகளில் தேடலாம். அங்கே சிலர் நான் பவுலின் ஆள் என்றும், சிலர் அப்பொல்லோவின் ஆள் என்றும், சிலர் கேபாவின் ஆள் என்றும் பிரிந்து நின்றார்கள். பவுல் எரிச்சலோடு எழுதுகிறார்: கிரிஸ்புவையும் காயுவையும் தவிர உங்களில் யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்காதது நல்லதாய்ப் போயிற்று. அடுத்த வரியில், ஸ்தேவனாவின் வீட்டாருக்கும் கொடுத்தேன், வேறு யாருக்காவது கொடுத்தேனா என்று நினைவில்லை என்கிறார். யாருக்குக் கொடுத்தோம் என்பதையே மறந்துபோகத் தயாராக இருப்பவர், தமக்குக் கொடுத்தவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்த மாட்டார். கை வைத்தவரின் பெயரால் கட்சி உருவாகும் என்பதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அனனியாவை அவர் சொல்லாமல் விட்டதில் தற்காப்பு இருக்கிறது. அதோடு ஒரு கொள்கையும் இருந்திருக்கலாம்.

ஸ்வீடன் நாட்டு லுத்தரன் அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1960களிலும் 70களிலும் எழுதிய கட்டுரைகளில், பவுலுக்கு நடந்ததை மனமாற்றம் என்று சொல்வதே தவறு, அது இறைவாக்கினருக்கு வரும் அழைப்பு என்று வாதிட்டார். குற்றவுணர்வில் புழுங்கிக்கொண்டிருந்த மனிதர் விடுதலை பெற்ற கதையாக அகஸ்டினும் மார்ட்டின் லூதரும் அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள் என்பது அவர் குறை. பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல் சட்டத்தின்படி தாம் குற்றமற்றவர் என்றே சொல்லிக்கொள்கிறார். ஒரு மதத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனதாக அவர் எங்கும் எண்ணவுமில்லை. ஸ்டெண்டாலின் வாதம் கலாத்தியர் கடிதத்துக்கும் 26ஆம் அதிகாரத்துக்கும் அருமையாகப் பொருந்துகிறது. 9ஆம் அதிகாரத்தில்தான் இடறுகிறது. அழைப்பு என்றால் இருவர் போதும், கூப்பிடுபவரும் கேட்பவரும். அங்கேயோ மூன்றாவதாக ஒருவர் நடுவில் நிற்கிறார், அதுவும் அந்தச் சவுலால் சிறைக்குப் போகவிருந்தவர்.

இந்த மூன்றாமவர் தேவையா என்ற கேள்வி பவுலுக்கு அடுத்த நூற்றாண்டிலேயே தலையெடுத்தது. 2ஆம் நூற்றாண்டின் மார்சியோன் பவுலின் பத்துக் கடிதங்களையும், லூக்கா நற்செய்தியின் வெட்டிச் சுருக்கிய வடிவத்தையும் மட்டும் மறைநூலாக ஏற்றார். அப்போஸ்தலர் நடபடிகள் அவருக்குத் தேவைப்படவில்லை. அனனியா இல்லாத பவுல். எதிர்முனையில் எபியோனியர் எனப்பட்ட யூதக் கிறிஸ்தவர்கள் பவுலையே ஏற்க மறுத்தார்கள். தலைமைக் குருவின் மகளை மணக்க ஆசைப்பட்ட கிரேக்கர் அவர், பெண் கிடைக்காத ஆத்திரத்தில் சட்டத்தைத் தாக்கினார் என்று அவர்கள் கதை கட்டியதைத் திருச்சபை எழுத்தாளர் எப்பிபானியு பதிந்திருக்கிறார். கிளமெந்தின் பெயரில் வழங்கும் பழைய நூலொன்றில் பேதுரு சீமோன் என்ற எதிராளியிடம், காட்சியிலேயே எல்லாம் கற்றுக்கொள்ள முடியுமென்றால் ஆண்டவர் எங்களோடு ஓராண்டு முழுக்கத் தங்கிப் போதித்தது எதற்கு என்ற பொருளில் கேட்கிறார். சீமோன் என்ற முகமூடிக்குப் பின்னால் இருப்பது பவுல் என்று பலர் கருதுகிறார்கள். சுமார் 180இல் லியோன் நகர ஆயர் இரனேயு, பவுலை மறுப்பவர்களுக்கு எதிராக எழுதும்போது கையில் எடுப்பது 9ஆம் அதிகாரத்தை. தேர்ந்துகொண்ட கருவி என்று ஆண்டவர் அனனியாவிடம் சொன்னதைச் சாட்சியாக வைக்கிறார். பவுலின் அதிகாரத்துக்கு மனிதச் சாட்சி வேண்டிவந்தபோது திருச்சபை, பவுல் பெயர் சொல்லாமல் விட்ட அந்த மனிதரையே அழைத்துவந்தது. பிறகு அப்போஸ்தலர் நடபடிகளையும் கலாத்தியர் கடிதத்தையும் ஒரே நூல்தொகுதிக்குள் வைத்துக் கட்டியது, ஒன்றைத் திருத்தி இன்னொன்றோடு இணைக்காமலேயே.

கலை வேறு வழியில் போயிற்று. ரோமின் சாந்தா மரியா டெல் போப்போலோ ஆலயத்தில் கரவாஜ்ஜோ 1601 வாக்கில் வரைந்த ஓவியத்தில் குதிரையின் உடல் துணியை நிறைத்து நிற்கிறது. அதன் காலடியில் சவுல் கைகளை விரித்து மல்லாந்து கிடக்கிறார். நான்கு கதைகளில் எதிலும் குதிரை இல்லை என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அனனியாவும் அந்த ஓவியத்தில் இல்லை. மையத்தில் ஒளியும் மனிதனும். நம் ஊர்ச் சபைகளில் சாட்சி சொல்பவர்களின் கதைகளும் பெரும்பாலும் இப்படித்தான் அமைகின்றன. சவுலாக இருந்தேன், பவுலாக மாறினேன் என்பார்கள். பெயர் அந்தச் சாலையில் மாறவில்லை, 13ஆம் அதிகாரத்தில் சைப்பிரஸ் தீவில் வைத்துத்தான் லூக்கா முதன்முதலாகப் பவுல் என்ற பெயரைச் சொல்கிறார். சாட்சியில் பழைய பாவம் விரிவாக வரும், ஒரு கணம் வரும், கண்ணீர் வரும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சோறு போட்ட பக்கத்து வீட்டு அக்கா வர மாட்டார். சொல்பவரிடம் நன்றி இல்லை என்பதல்ல இதற்குக் காரணம். தனக்குள் நடந்ததைத்தான் ஒருவரால் உள்ளிருந்து சொல்ல முடியும். தன்னைச் சுற்றி நடந்தது சுற்றியிருந்தவர்களின் நினைவில் இருக்கிறது. தமஸ்குவின் பழைய நகரில், பாப் ஷர்கி வாசலுக்கு அருகே, அனனியாவின் வீடு என்று மரபு காட்டும் நிலத்தடிச் சிற்றாலயம் இன்றும் உண்டு. பவுலின் கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வழி கேட்க முடியாது.

எனவே நான்கில் எது உண்மை என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் மறுத்துவிடவே எனக்குத் தோன்றுகிறது. உள்ளே நடந்ததற்குப் பவுல் சாட்சி. அவரைச் சூழ்ந்து நடந்ததற்கு, பிந்தி வந்தாலும், லூக்கா சேகரித்த நினைவு சாட்சி. அந்த நினைவில் கற்பனை கலந்திருக்கலாம். அனனியாவின் காட்சியை வரலாறாக நிறுவ வழியில்லை. ஆனால் பவுலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், சேர்த்துக்கொண்டவர், சொற்களைக் கொடுத்தவர் யாரோ இருந்தார் என்பதைப் பவுலே தம்மை அறியாமல் ஒப்புக்கொள்கிறார். அந்த இடத்துக்கு லூக்கா ஒரு பெயர் கொடுத்தார்.

இன்னும் ஒன்றும் உண்டு. நான்கு கதைகள் என்று தொடங்கினேன். ஐந்தாவது ஒன்று கலாத்தியர் கடிதத்துக்குள்ளேயே, முதல் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. எந்த மனிதரும் இல்லை, யாரையும் கேட்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே வந்த பவுல், யூதேயா நாட்டுச் சபைகளுக்குத் தம் முகமே தெரியாது என்கிறார். பிறகு, அவர்கள் கேள்விப்பட்டதை அவர்கள் வாயாலேயே சொல்லவைக்கிறார்: முன்பு நம்மைத் துன்புறுத்தியவர், அழிக்கப் பார்த்த விசுவாசத்தையே இப்போது அறிவிக்கிறாராம். ஒளியோ குரலோ சாலையோ இதில் கிடையாது. சவுலின் மாற்றத்தைச் சொல்லும் மிகச் சுருக்கமான கதை இதுதான். காலத்தால் முந்தியதும் இதுவாகவே இருக்கும், கடிதம் எழுதப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஊரில் உலவியதாகப் பவுலே சொல்வதால். அதைச் சொல்பவர்கள் அடி வாங்கியவர்கள். மனிதர் யாரையும் சாட்சிக்கு அழைக்க மறுத்தவர், தம் கதையை முடிக்கும்போது அவர்களைத்தான் அழைக்கிறார். வெளிப்பாடு தமக்கு நேராக வந்தது என்று அவரால் ஆணையிட்டுச் சொல்ல முடிந்தது. தாம் மாறிவிட்டோம் என்பதை மட்டும், தம்மால் துன்பப்பட்டவர்கள்தான் சொல்லவேண்டியிருந்தது.